பார்ட்டி ஜாடியில வோட்காவைக் கலக்காதீங்க

டிசம்பர் பொறந்தா இந்தக் கேள்வி தவறாம வரும். "டாக்டர், நியூ இயருக்கு வோட்கா, லெமன், ஆரஞ்சு, ப்ளூ கலர் சிரப் எல்லாம் போட்டு ஒரு பெரிய ஜாடி காக்டெயில் பண்றோம். லெமன் நிறைய போடறோம். லைட்டாத்தானே இருக்கும்?"

கேக்கறவங்க தினம் குடிக்கறவங்க இல்ல. நெய்வேலி டவுன்ஷிப்ல குவார்ட்டர்ஸ் தோட்டத்துல வருஷத்துக்கு ஒரு தடவை ஒண்ணு கூடறவங்க. பெங்களூர்ல இருந்து லீவுக்குப் பண்ருட்டி வந்த பசங்க. ரீல்ஸ்ல மேல நீலம், நடுவுல ஊதா, அடியில சிவப்புன்னு ஒரு கிளாஸைப் பார்த்துட்டு ஆசைப்பட்டவங்க.

குடிக்காதீங்கன்னு சொல்லிட்டு நகர்ந்துடலாம். சொல்லவும் சொல்றேன். பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு மதுவுக்குக் கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில தெளிவாவே சொல்லிடுச்சு. புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களோட முதல் பிரிவுல மது 1988லேயே சேர்ந்தாச்சு. ஆனா இதைப் படிச்ச பிறகும் 31ஆம் தேதி பார்ட்டி நடக்கத்தான் போகுது. அதனால இந்த த்ரெட் அந்த ஜாடியைப் பத்தி மட்டும்.

என் கருத்து இதுதான்: வோட்காவைப் பொது ஜாடியில கலக்காதீங்க. ஜாடியில கலக்குறவர் அன்னைக்கு வர்ற எல்லாருக்கும் டோஸ் எழுதுறாரு. எடை கேக்கல, வயசு கேக்கல, என்ன மாத்திரை போடறீங்கன்னு கேக்கல. ஒரு மருந்துக்கடைக்காரர் இப்படி மருந்து கொடுத்தா நீங்க சும்மா விடுவீங்களா?

முதல்ல எலுமிச்சம்பழம். நம்ம ஊர்ல இது ஒரு பெரிய நம்பிக்கை. போதை ஏறினவன் தலையில எலுமிச்சை தேய்க்கறது, மோர்ல பிழிஞ்சு கொடுக்கறது, எல்லாம் சினிமாவுலயும் பார்த்திருக்கோம், தெருவுலயும் பார்த்திருக்கோம். எலுமிச்சைச் சாறு ரத்தத்துல இருக்கற ஆல்கஹாலை ஒரு சொட்டு கூடக் குறைக்காது. ஆல்கஹாலை எரிக்கறது கல்லீரல். அது தன் வேகத்துலதான் செய்யும், ஒரு சராசரி ஆளுக்கு மணிக்குச் சுமார் 7 கிராம். காபி, குளியல், மோர், வாந்தி, எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது.

அப்போ எலுமிச்சை என்னதான் செய்யுது? ஆல்கஹாலோட காரத்தை நாக்குக்குத் தெரியாம மறைக்குது. அந்தக் காரம் நமக்கு ஒரு எச்சரிக்கை மணி. வெறும் வோட்காவை 60 மில்லி ஒரே மடக்குல குடிக்கச் சொன்னா பழக்கமில்லாதவர் முகம் சுளிச்சு நிறுத்திடுவார். அதே 60 மில்லியை எலுமிச்சை, சர்க்கரை, ஐஸ், சோடாவோட கொடுத்தா ஜூஸ் குடிக்கற வேகத்துல குடிப்பார். புளிப்பும் இனிப்பும் குளிர்ச்சியும் சேர்ந்து அந்த மணியை நிறுத்திடுது.

புளிப்புப் பழம் மதுவை மறைக்கும்ங்கறதை வெச்சு ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க. கனடாவுல டேவிட் பெய்லின்னு ஒரு ஆய்வாளரோட குழு, ரத்த அழுத்த மாத்திரை ஃபெலோடிபினும் மதுவும் சேர்ந்தா என்ன ஆகும்னு சோதிச்சாங்க. யாருக்கு மது, யாருக்கு வெறும் ஜூஸ்னு குடிக்கறவருக்கே தெரியக் கூடாது. அதனால மதுவோட ருசியை மறைக்க கிரேப்ஃப்ரூட் ஜூஸ்ல கலந்து கொடுத்தாங்க. ருசி மறைஞ்சுது. ஆனா மது சேராத ஆட்களுக்கும் ரத்தத்துல மாத்திரையோட அளவு எதிர்பார்த்ததை விடப் பல மடங்கு ஏறியிருந்துச்சு. குற்றவாளி அந்த ஜூஸ்தான். 1989ல வந்த இந்த ஆய்வுலதான் கிரேப்ஃப்ரூட்டும் மாத்திரையும் சண்டை போடும்ங்கற விஷயமே உலகத்துக்குத் தெரிஞ்சுது.

இதுல உங்களுக்கு ஒரு உபரித் தகவல் இருக்கு. கிரேப்ஃப்ரூட்னா திராட்சை இல்ல, நம்ம பம்பளிமாஸோட சொந்தக்காரப் பழம். பம்பளிமாஸ்லயும் அதே சிக்கல் உண்டு. கொலஸ்ட்ராலுக்குச் சிம்வாஸ்டாடின், அடோர்வாஸ்டாடின் போடறவங்க இந்த ரெண்டையும் தவிர்க்கறது நல்லது. கடையில கிடைக்கற இனிப்பு ஆரஞ்சுக்கு இந்தப் பயம் தேவையில்ல.

இப்போ கணக்குக்கு வரேன். நம்ம ஊர் வோட்கா பாட்டில்ல 42.8 சதவீதம் ஆல்கஹால்னு போட்டிருக்கும். ஒரு லார்ஜ், அதாவது 60 மில்லியில, சுத்த ஆல்கஹால் சுமார் 20 கிராம். 750 மில்லி ஃபுல் பாட்டில்ல 250 கிராமுக்கு மேல. அந்த ஃபுல்லை ஜாடியில கவுத்து, ஜூஸ், சோடா எல்லாம் ஊத்தி 3 லிட்டர் ஆக்கறீங்கன்னு வைங்க. 300 மில்லி கிளாஸ்ல பத்து கிளாஸ் வரும். ஒவ்வொரு கிளாஸ்லயும் 75 மில்லி வோட்கா. "ஒரு கிளாஸ் ஜூஸ்"னு நீங்க கையில கொடுக்கறது ஒரு லார்ஜுக்கும் மேல.

70 கிலோ ஆம்பளைக்கு ஒரே ஒரு லார்ஜ், ரத்தத்துல 100 மில்லிக்குச் சுமார் 40 மில்லிகிராம் வரைக்கும் ஏத்தும். வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கற எல்லை 30. 55 கிலோ பொம்பளைக்கு அதே லார்ஜ் 60ஐத் தாண்டும், ஏன்னா உடம்புல தண்ணியோட பங்கு குறைவு. ஒரே ஜாடி, ஒரே கிளாஸ், ஆளுக்கு ஒரு டோஸ். இது தோராயக் கணக்குதான், சாப்பாடு, உடம்புவாகு எல்லாம் பொறுத்து மாறும். ஆனா எந்தப் பக்கம் மாறினாலும் "லைட்"னு சொல்ல இடம் கிடையாது.

"வோட்கான்னா வாசனை வராது, போலீஸ் கண்டுபிடிக்க முடியாது." இதையும் நிறைய பேர் நம்பறாங்க. ஊதற கருவி வாசனை பாக்கறதில்ல. மூச்சுல வர்ற ஆல்கஹாலை அளக்குது. அதுக்கு வோட்காவும் ஒண்ணுதான், விஸ்கியும் ஒண்ணுதான்.

இன்னொரு விஷயம் ஷிஃப்ட்டுக்குப் போறவங்களுக்கு. ராத்திரி 9 மணியில இருந்து 12க்குள்ள நாலு லார்ஜ் உள்ள போச்சுன்னா, காலையில அஞ்சரை மணிக்கும் ரத்தத்துல சட்ட எல்லைக்கு மேல இருக்க வாய்ப்பு அதிகம். தூங்கி எழுந்தாச்சு, பல் தேய்ச்சாச்சு, தலை மட்டும் கொஞ்சம் கனமா இருக்குன்னு நினைச்சுக்கிட்டு பைக்கை எடுப்பீங்க. விக்கிரவாண்டி கும்பகோணம் ரோட்டுல விடியற்காலைப் பனியில லாரி எப்படி வரும்னு பண்ருட்டிக்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

சரி, ஜாடியில இருந்து யாரெல்லாம் குடிக்கறாங்க? இதுதான் என்னை உறுத்தற இடம்.

சித்தப்பா ஒருத்தர் வருவார். சர்க்கரை நோயாளி. கிளிமிபிரைடு போடறவர், இல்ல இன்சுலின் போட்டுக்கறவர். "இது வெறும் லெமன்தான் சித்தப்பா, லைட்டா ஒரு கலர்"னு ஒரு கிளாஸ் கொடுப்பாங்க. அவர் சர்க்கரைக்குப் பயந்து சாதம் வேண்டாம்னு ரெண்டு துண்டு சிக்கனோட நிறுத்திப்பார். இங்கதான் ஆபத்து. சாப்பிடாம இருக்கும்போது ரத்தச் சர்க்கரை விழாம பாத்துக்கறது கல்லீரல். ஆல்கஹால் உள்ள வந்ததும் அது புதுசா சர்க்கரை தயாரிக்கறதை நிறுத்திடும். மாத்திரை ஒரு பக்கம் சர்க்கரையை இறக்கிக்கிட்டே இருக்கும். நடுராத்திரியோ விடியக்காலையிலயோ சர்க்கரை விழும்.

விழுந்தா எப்படி இருக்கும்? வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும், சம்பந்தமில்லாம பேசுவார், தள்ளாடுவார், அப்படியே சாய்ஞ்சுடுவார். பாக்கறவங்க என்ன சொல்வாங்க? "பெரியவருக்கு ஏறிடுச்சு, தூங்கட்டும் விடு." அந்தத் தூக்கத்துல மூளைக்குச் சர்க்கரை போகாம மணிக்கணக்கா கிடப்பார். போதையில இருக்கறவரும் சர்க்கரை விழுந்தவரும் பாக்க ஒரே மாதிரிதான் இருப்பாங்க. கேஷுவாலிட்டியில மது வாசனையோட யார் மயங்கி வந்தாலும் நாங்க முதல்ல விரல்ல குத்தி சர்க்கரை பாக்கறது அதுக்குத்தான்.

வீட்டுல குளுக்கோமீட்டர் இருந்தா நீங்களும் பாருங்க. 70க்குக் கீழ இருந்து, ஆள் விழுங்கற நிலையில இருந்தா மூணு நாலு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் கொடுங்க, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க. நினைவு இல்லாதவர் வாயில எதையும் ஊத்தாதீங்க. 108க்குக் கூப்பிடுங்க.

சர்க்கரை மட்டும் இல்ல. தூக்க மாத்திரையோ பதற்றத்துக்கு அல்பிரசோலமோ போடற ஒரு அக்கா அந்தக் கூட்டத்துல இருக்கலாம். யாருக்கும் சொல்லியிருக்க மாட்டாங்க. அந்த மாத்திரையும் மதுவும் சேர்ந்தா மூச்சே மந்தமாகும். வலிப்பு மாத்திரை, காசநோய் மாத்திரை, வயித்துப்போக்குக்கு மெட்ரோனிடசோல் போட்டுக்கிட்டு இருக்கறவர், மாசம் தள்ளிப்போனதை இன்னும் வெளிய சொல்லாத பொண்ணு. இவங்க எல்லாரும் "எனக்கு வேண்டாம்"னு சொல்ற உரிமை உள்ளவங்க. அதுல என்ன எவ்வளவு இருக்குன்னு தெரிஞ்சாத்தானே சொல்ல முடியும்? "கொஞ்சம்தான் கலந்திருக்கு"ங்கறது ஒரு அளவு இல்ல. அதை விடக் கேவலம், கலந்திருக்குன்னு சொல்லாமலே கொடுத்துட்டு வேடிக்கை பாக்கறது. அதை விளையாட்டுன்னு என்னால எடுத்துக்க முடியாது.

குழந்தைகளைப் பத்தி இன்னும் சொல்லல. நம்ம கிராமத்துப் பக்கம் சோடாவுக்கே "கலர்"னுதான் பேரு. கலர் வாங்கித் தான்னு அழுத புள்ளைங்கதான் நாம எல்லாரும். டேபிள் மேல பாதி குடிச்ச நீலக் கலர் கிளாஸ் இருந்தா நாலு வயசுக் குழந்தைக்கு அது வேற என்ன? நான் மேல சொன்ன ஜாடியில இருந்து அரை கிளாஸ் ஒரு 15 கிலோ குழந்தை குடிச்சா, பெரியவங்களுக்கான டிரைவிங் எல்லையைப் போல நாலு மடங்கு வரைக்கும் ஏறும். குழந்தைக்குச் சர்க்கரையும் சீக்கிரம் விழும், வலிப்பு வரலாம். பார்ட்டி முடிஞ்சு அசந்து தூங்கிட்டு, காலையில பெரியவங்க எழறதுக்கு முன்னாடி குழந்தை எழுந்துடும். மிச்சக் கிளாஸை எல்லாம் ராத்திரியே சிங்க்ல கொட்டிட்டுப் படுங்க.

யாராவது மட்டை ஆயிட்டா மல்லாக்கப் படுக்க வைக்காதீங்க. வாந்தி எடுத்தா அது நேரா நுரையீரலுக்குப் போகும். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, மேல இருக்கற காலை மடக்கி, வாய் தரைப் பக்கம் சாய்ஞ்ச மாதிரி வைங்க. பக்கத்துல ஒருத்தர் முழிச்சிருக்கணும். கூப்பிட்டா, கிள்ளினா அசைவு இல்ல, மூச்சு விட்டு விட்டு வருது, உடம்பு சில்லுன்னு ஆயிடுச்சு, உதடு நீலமாகுது, இதுல ஒண்ணு இருந்தாலும் தூங்கட்டும்னு விடாதீங்க.

அடுத்தது பாட்டில் எங்க இருந்து வருதுங்கறது. இதைப் பண்ருட்டியில உக்காந்துக்கிட்டு எழுதாம விட்டா தப்பு. 2001ல இந்த வட்டாரத்துல மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு 50க்கும் மேற்பட்டவங்க செத்தாங்க. நான் அப்போ பள்ளிக்கூடப் பையன். இன்னைக்கு இருபது வயசுல பார்ட்டி வைக்கற பசங்களுக்கு இது தெரியவே தெரியாது. 2023 மே மாசம் விழுப்புரம், செங்கல்பட்டு மாவட்டங்கள்ல 20க்கும் மேற்பட்டவங்க. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல 60க்கும் மேற்பட்டவங்க.

"அதெல்லாம் பாக்கெட் சாராயம், நாங்க வோட்கா"ன்னு சொல்வீங்க. 2024 நவம்பர்ல லாவோஸ் நாட்டுல வாங் வியெங்னு ஒரு சுற்றுலா ஊர்ல ஆறு வெளிநாட்டுப் பயணிகள் மெத்தனாலால செத்தாங்க. அவங்கள்ல சிலர் வோட்கா ஷாட் குடிச்சிருந்ததா செய்திகள் வந்துச்சு. மெத்தனாலுக்கும் நல்ல ஆல்கஹாலுக்கும் நிறத்துலயும் வாசனையிலயும் வித்தியாசம் கண்டுபிடிக்கறது ரொம்பக் கஷ்டம். எலுமிச்சையும் சிரப்பும் போட்டா சுத்தமா முடியாது. யாரோ பாண்டியில இருந்து கொண்டு வந்தது, சீல் உடைஞ்சது, மூடி சரியா இல்லாதது, விலை நம்ப முடியாத அளவு கம்மி, இதெல்லாம் ஜாடிக்குள்ள போயிட்டா யாராலயும் அடையாளம் பாக்க முடியாது.

மெத்தனால் உடம்புக்குள்ள ஃபார்மிக் அமிலமா மாறித்தான் கண் நரம்பைத் தாக்கும். அதுக்கு நேரம் ஆகும். 12 மணி நேரம், 24 மணி நேரம் கழிச்சுக் கூட ஆரம்பிக்கலாம். அதனால ஹேங்ஓவர்னு நினைப்பாங்க. அடுத்த நாள் வயித்து வலி, வாந்தி, மூச்சு வாங்கறதோட கண் மங்கலாச்சுன்னா, பனி கொட்டற மாதிரி வெள்ளையாத் தெரிஞ்சா, ஒரு நிமிஷம் கூடக் காத்திருக்காம மருத்துவமனைக்கு வாங்க. கூடக் குடிச்ச எல்லாரையும் கூட்டிக்கிட்டு வாங்க, ஒண்ணும் இல்லாத மாதிரி இருக்கறவங்களையும். மாற்று மருந்து இருக்கு, டயாலிசிஸ் இருக்கு, சீக்கிரம் வந்தா கண்ணையும் உயிரையும் காப்பாத்தலாம். "போலீஸ் கேஸ் ஆயிடும்"னு பயந்து வீட்டுல வெச்சுக்கற மணி நேரங்கள்தான் கொல்லுது.

இவ்வளவு பயமுறுத்திட்டு கலரை மட்டும் பிடுங்கிக்கறது நியாயம் இல்ல. எனக்கும் அந்த நீல கிளாஸ் பிடிச்சுத்தான் இருக்கு. வோட்காவுக்கு நிறமே கிடையாது, ரீல்ஸ்ல பாத்த அழகுல அதுக்குப் பங்கே இல்ல. நம்ம வேலியில பூக்கற சங்குப்பூ போதும்.

நீலச் சங்குப்பூ 25, பச்சைக் காம்பைக் கிள்ளிட்டு அரை லிட்டர் கொதிச்ச தண்ணியில பத்து நிமிஷம் போட்டு வைங்க. மை மாதிரி நீலம் இறங்கும். வடிகட்டி ஆற வைங்க. சர்க்கரையும் தண்ணியும் சரிபாதி எடுத்துப் பாகு காய்ச்சிக்கோங்க. கிளாஸ்ல முதல்ல ரெண்டு டேபிள்ஸ்பூன் பாகு, அரை மூடி எலுமிச்சை, துளி உப்பு. அப்புறம் கிளாஸ் நிறைய ஐஸ், பாதிக்குச் சோடா. கடைசியா நீலத் தண்ணியை ஒரு ஸ்பூனோட முதுகுல படற மாதிரி மெதுவா ஊத்துங்க. பாகு கனமானது, அடியில தங்கும். நீலம் மேல நிக்கும். ரெண்டும் சேர்ற இடத்துல புளிப்பு பட்டு ஊதாவாகும், இன்னும் கீழ ரோஸ். பூவோட நிறமி அமிலத்துல நிறம் மாறும், அவ்வளவுதான் மந்திரம். குழந்தைங்க கைதட்டுவாங்க, அவங்க கையிலயே கொடுக்கலாம்.

சிவப்பு வேணும்னா மாதுளைச் சாறுல சர்க்கரை போட்டுக் காய்ச்சுங்க. பார்ல கிரெனடின்னு சொல்ற சிரப்போட ஆதி வடிவம் அதுதான். ஐஸ் போட்ட ஆரஞ்சு ஜூஸ்ல ஓரமா விட்டா அடிக்கு இறங்கி, சூரிய உதயம் மாதிரி மேல மேல வெளுத்துக்கிட்டே வரும். சர்க்கரை நோயாளிகளுக்குப் பாகு வேண்டாம், சங்குப்பூ, எலுமிச்சை, உப்பு, சோடா போதும். பாக்க முக்கால்வாசி அதே அழகு.

ஜாடியில இது. வோட்கா குடிச்சே தீருவேங்கறவங்களுக்குப் பாட்டில் தனி டேபிள்ல, குழந்தைங்க கை எட்டாத உயரத்துல, பக்கத்துல 30 மில்லி அளவுக் கப்போட. அவங்கவங்க அளந்து அவங்கவங்க கிளாஸ்ல ஊத்திக்கட்டும். எத்தனை ஊத்தினோம்னு அவங்களுக்கே தெரியும், கூட இருக்கறவங்க கண்ணுக்கும் தெரியும். மாத்திரை போடறவர் அந்த டேபிள் பக்கம் போகாம இருந்தாப் போதும், யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்ல. கையில அதே நீல கிளாஸ்தான் இருக்கும்.

"அரசு டாக்டரே அளந்து குடிங்கன்னு சொல்றாரு"ன்னு யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுப்பாங்க, தெரியும். குடிக்காம இருக்கறதுதான் நல்லதுன்னு ஆரம்பத்துலயே எழுதிட்டேன். ஆனா கேஷுவாலிட்டிக்கு வர்றவங்ககிட்ட "எவ்வளவு குடிச்சார்?"னு கேட்டா, கூட வந்தவங்க ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்துக்கிட்டு "ஜூஸ்ல கலந்தது சார், தெரியல"ன்னு சொல்றதை விட, "நாலு ஸ்மால்"னு ஒரு பதில் எங்களுக்கு எவ்வளவோ உதவும்.

31ஆம் தேதி மத்தியானம் மொட்டை மாடியில உக்காந்து ஐம்பது எலுமிச்சம்பழம் பிழியப் போறவங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அந்தச் சாறு கையில இருக்கும்போது நல்ல வெயில் பட்டா, ஒண்ணு ரெண்டு நாள்ல தோல் சிவந்து கொப்புளம் வரும், அப்புறம் கறுத்துப் போய் வாரக்கணக்குல தழும்பு மாதிரி நிக்கும். நிழல்ல உக்காந்து பிழிங்க, முடிச்சதும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்க.